மூஸ் வேட்டைக்கு அம்பு நாங்களே கட்டினால் எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் கூடாது?

வடக்குக்காடு (ஒன்டாரியோ):

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது காம்பவுண்ட் வில் (இரு நுனியிலும் உருளை பூட்டிய வில்). 60 பவுண்டு இழுவிசை, 28 அங்குல இழுநீளம், வலக்கை. வருகிற சீசனுக்கு மூஸுக்கும் (மான் இனத்திலேயே மிகப் பெரியது) வெள்ளைவால் மானுக்கும் ஒரே அம்பைப் பாவிக்க விருப்பம். கடையில் கட்டி வைத்திருக்கும் நல்ல அம்பு, முனை இல்லாமலே ஒன்று 20 டாலரைத் தாண்டுகிறது. வெறும் தண்டு வாங்கி நானே கட்டினால் ஒரு டஜனை 250 கனேடிய டாலருக்குள், கருவிகளும் சேர்த்து, முடிக்கலாமோ? பிராட்ஹெட்டுக்கு (கூர் அலகுள்ள வேட்டை முனை) தனியாகக் காசு வைத்திருக்கிறேன்.

தெரிய வேண்டியது இவ்வளவும்: ±.001 அங்குல நேர்த்தி (தண்டு எவ்வளவு நேராக இருக்கிறது என்ற அளவு) என்று விற்கும் விலை கூடிய தண்டு தேவையோ, ±.006 காணுமோ? ஸ்பைன் (தண்டின் விறைப்பு எண்) 340ஓ 300ஓ? மொத்த எடை எவ்வளவுக்கு வர வேண்டும்? வெட்டுவதற்கு வீட்டில் என்ன வழி?

இந்தியாவில் இருந்து வாசிப்பவர்கள் கோபிக்க வேண்டாம். அங்கே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம் என்று தெரியும். நான் கேட்பது இங்கே உரிமமும் டேக்கும் (அந்த விலங்குக்கான அனுமதிச் சீட்டு) எடுத்துச் செய்கிற வேட்டையைப் பற்றி.

---

எல்க்மேடு (கொலராடோ):

முதல்ல எடையை முடிவு பண்ணுங்க, அப்புறம் தண்டு. பெரும்பாலானவங்க தண்டை வாங்கிட்டு அதுக்கு ஏத்த எடையைத் தேடறாங்க, அதுலதான் காசு போகுது.

உங்க வில்லுக்கு 450லிருந்து 480 கிரெய்ன் போதும். ஒரு கிராமுக்கு 15.43 கிரெய்ன், அதனால 460 கிரெய்ன்னா கிட்டத்தட்ட 30 கிராம். கணக்கு இப்படி வரும். உள்விட்டம் .246 அங்குலம் உள்ள சாதாரணத் தண்டு, அங்குலத்துக்கு 9 கிரெய்ன்னு வச்சுக்கோங்க. 28.5 அங்குலத்துக்கு வெட்டினா 256. முனையைத் திருகறதுக்குத் தண்டுக்குள்ள ஒட்டற பித்தளை இன்சர்ட் 50. முனை 125. 2 அங்குல பிளாஸ்டிக் வேன் (பின்பக்க இறகு) மூணு, ஒண்ணு 6 வீதம் 18. நாணுல மாட்டற நாக் 10. கூட்டினா 459, பசையோட 460க்குக் கொஞ்சம் மேல.

இதே தண்டுல சாதாரண அலுமினிய இன்சர்ட்டும் 100 கிரெய்ன் முனையும் போட்டா 405 வரும். நல்ல 60 பவுண்டு வில்லுல 405 கிரெய்ன் அம்பு நொடிக்கு சுமார் 272 அடி போகும், 460 கிரெய்ன் 255 அடி. எடையை வேகத்தின் வர்க்கத்தால பெருக்கி 450240ஆல வகுத்தா இயக்க ஆற்றல்: ரெண்டுக்கும் 66 அடி-பவுண்டு ஒட்டித்தான். அம்பு செய்யற ஈஸ்டன் நிறுவனத்தோட அட்டவணை எல்க் (பெரிய மான் வகை) அளவு விலங்குக்கு 42லிருந்து 65 சொல்லுது, அதனால ஆற்றல் பிரச்சினையே இல்லை. வித்தியாசம் உந்தத்துல. எடையை வேகத்தால பெருக்கி 225400ஆல வகுங்க: 405க்கு 0.489, 460க்கு 0.520. ஆறு சதவீதத்துக்கு மேல கூடுது. ஆற்றல் மாறாம உந்தம் மட்டும் கூடற இடம் இது. விலா எலும்புல உரசிட்டு உள்ள போறப்போ உதவறது அதுதான். வில் சத்தமும் குறையும்.

முன்பாரமும், அதாவது சமநிலைப்புள்ளி அம்பின் பாதிக்கு எத்தனை சதவீதம் முன்னாடி நிக்குதுங்கறதும், தானா சரியாகுது. நாக் பள்ளத்திலிருந்து தண்டின் முன்நுனி வரை 29 அங்குலம், பாதி 14.5. அம்பை விரல்ல நிறுத்தினா சமநிலைப்புள்ளி 19.5 பக்கம் நிக்கும். 5ஐ 29ஆல வகுத்தா 17 சதவீதம். 405 கிரெய்ன் அம்புல இது 13 கிட்ட. 12க்குக் கீழ போகாம இருந்தா போதும். 17 நல்ல எண், அதுக்கு மேல துரத்த வேண்டாம்.

நேர்த்தி விஷயம்: ±.006க்கும் ±.001க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசம் 0.13 மில்லிமீட்டர். அதுவும் தண்டின் முழு நீளத்துக்கு அளக்கறதில்லை, எந்த நீளத்துக்கு அளக்கறாங்கங்கறது நிறுவனத்துக்கு நிறுவனம் வேற. கார்பன் தண்டுல கோணல் அதிகம் இருக்கிறது பெரும்பாலும் ரெண்டு நுனியிலதான். 32 அங்குலத் தண்டை 28.5க்கு வெட்டறப்போ மூணரை அங்குலம் போகுது. அதை ஒரே பக்கம் வெட்டாம ரெண்டு நுனியிலயும் பிரிச்சு வெட்டினா ±.006 தண்டு ±.003 மாதிரி நடந்துக்கும். 40 கெஜத்துக்குள்ள பிராட்ஹெட்டோட சுடறவங்களுக்கு ±.001க்குக் குடுக்கற காசு வீண்.

ஸ்பைன் எண்ணுங்கறது 28 அங்குல இடைவெளியில ரெண்டு தாங்கி வச்சு, நடுவுல 880 கிராம் எடை தொங்கவிட்டா தண்டு எத்தனை ஆயிரத்தில் ஒரு அங்குலம் வளையுதுங்கறது. எண் குறைஞ்சா விறைப்பு அதிகம். ஸ்பைன் அட்டவணை எல்லாமே 100 கிரெய்ன் முனையையும் சாதாரண இன்சர்ட்டையும் மனசுல வச்சுப் போட்டது. நீங்க முன்னாடி கூடுதலா 55 கிரெய்ன் ஏத்தறீங்க. 25 கிரெய்னுக்கு 3 பவுண்டு வீதம் சேத்தா உங்க 60 பவுண்டு வில் அட்டவணையில 67 பவுண்டு கட்டத்துல நிக்கும். 28.5 அங்குலத்துக்கு அது 340. பலர் 60ன்னு பாத்து 400 வாங்கிட்டு, பிராட்ஹெட் போட்டதும் அம்பு ஏன் சிதறுதுன்னு கேக்கறாங்க.

மிச்சம் பிடிக்க வேண்டிய இடம்: நேர்த்தி, வண்ண உறை, .166 மாதிரி ஒல்லித் தண்டு. ஒல்லித் தண்டு காத்துல நல்லா போகும்தான். ஆனா அதுக்குத் தனி இன்சர்ட், தனி நாக், எல்லாம் விலை. மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் பிராட்ஹெட்டும் இன்சர்ட் பசையும்.

---

சட்பரிக்காரன் (ஒன்டாரியோ):

எல்க்மேடு சொன்ன எடைக் கணக்கு சரி. தம்பிக்கு ஒன்டாரியோ விதியையும் சொல்லிவிடுகிறேன். மூஸுக்கு வில்லின் இழுவிசை 22 கிலோ, அதாவது 48.5 பவுண்டு, குறைந்தது இருக்க வேண்டும். அம்பு 600 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. முனை அகன்ற இடத்தில் குறைந்தது 22 மில்லிமீட்டர், கூரான விளிம்பு குறைந்தது இரண்டு. 60 பவுண்டும் 28.5 அங்குலமும் இதற்குள் தாராளமாக வரும். ஒவ்வொரு வருடமும் மாகாணம் வெளியிடும் வேட்டை விதிச் சுருக்கத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இனிக் கட்டும் வேலை. ஒழுங்கு மாறினால் பாதிப் பிழை அங்கேயே வரும்: வெட்டு, நுனி மட்டம், இன்சர்ட், நாக் திருப்பிப் பார்த்தல், கடைசியாகத்தான் வேன்.

வெட்ட: இரும்பறுக்கும் வாளும் குழாய் வெட்டும் கருவியும் கார்பனில் படவே கூடாது. நார் பிளந்துவிடும். பிளவு வெளியே தெரியாது, சுடும்போது தெரியும். வேகமாகச் சுழலும் அராவுதட்டுத்தான் வேண்டும். ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் சின்ன கட்-ஆஃப் ரம்பம், அல்லது மெல்லிய அராவுதட்டுப் போட்ட டிரெமெல் (கையில் பிடிக்கும் சின்னச் சுழல்கருவி) காணும். தண்டைத் தட்டுக்கு எதிரே வைத்து ஒரேயடியாக அமத்தாமல், விரலால் மெல்லச் சுழற்றிக்கொண்டே சுற்றிவர வெட்டுங்கள். பக்கத்தில் வாக்கியூம் குழாயை வைத்து, முகத்துக்கு என்95 போடுங்கள். கார்பன் தூள் சுவாசப்பைக்குப் போனால் போனதுதான். இது ஒன்றும் சரிவராது என்றால், தண்டு வாங்கும் வில்லுக்கடையிலேயே வெட்டித் தரச் சொல்லிக் கேளுங்கள். பல கடைகள் சும்மா அல்லது சில டாலருக்குச் செய்து தரும். இரண்டு பக்கமும் வெட்ட வேண்டும் என்று வாய் திறந்து சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஒரு பக்கம்தான் வெட்டுவார்கள்.

எந்த நுனியில் கூட வெட்டுவது என்பதற்கு: கண்ணாடி மேசையில் தண்டை உருட்டுங்கள். துள்ளுகிற நுனி எதுவோ அதில் இரண்டரை அங்குலம், மற்றதில் ஒன்று.

நுனி மட்டம்தான் மலிவு அம்பை நல்ல அம்பாக்குகிற வேலை. இதற்கென்று விற்கும் கருவி வேண்டும் என்றில்லை. ஓரடி நீள அலுமினிய எல்-சட்டம் ஒன்று, அதன் முனையில் சரியாக 90 பாகையில் நிற்கிற மரக்கட்டை, கட்டையில் 320 உப்புத்தாள். வெட்டிய நுனி விளிம்பில் வெள்ளி நிற மார்க்கரால் சுற்றிவரப் பூசுங்கள். தண்டைச் சட்டத்தில் கிடத்தி உப்புத்தாளில் தொட்டபடி நாலைந்து சுற்றுச் சுற்றிப் பாருங்கள். வெள்ளி ஒரு பக்கம் அழிந்து மறுபக்கம் பிறை போல நின்றால் நுனி சாய்ந்திருக்கிறது. முழுவதும் அழியுமட்டும் சுற்றுங்கள். நாக் பக்கத்துக்கும் இதே வேலை. பிறகு இன்சர்ட்டை ஒட்டியபின் அதன் விளிம்புக்கும் ஒருமுறை.

இன்சர்ட்: தண்டின் உள்ளே ஐசோபுரோப்பில் அல்ககோல் நனைத்த பஞ்சுக்குச்சியை விட்டுச் சுழற்றினால் கரி வரும். குச்சி வெள்ளையாக வருமட்டும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மருந்துக்கடையில் 99 சதவீதம் கேளுங்கள், 70இல் தண்ணீர் கூட. பித்தளையை உப்புத்தாளில் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, அதையும் அல்ககோலால் துடைத்து, பிறகு கைவிரல் படாமல் பிடியுங்கள். பசைக்கு 24 மணி நேரத்தில் இறுகும் இரு பகுதி எபோக்சி. 5 நிமிட எபோக்சி இலக்கில் பல தடவை அடிபட்டதும் விட்டுவிடும்.

நாக்கைக் கழற்றிவிட்டுத்தான் இன்சர்ட்டைச் செருக வேண்டும். நாக் இருந்தால் உள்ளே அடைபட்ட காற்று, நீங்கள் கையை எடுத்ததும் இன்சர்ட்டை மெல்ல வெளியே தள்ளும். காலையில் பார்த்தால் விளிம்புக்கும் தண்டுக்கும் நடுவே நகக்கனம் இடைவெளி இருக்கும், எபோக்சி இறுகியும் இருக்கும். பசையை இன்சர்ட்டில்தான் பூசுங்கள், தண்டுக்குள் பூசினால் முழுவதும் உள்ளுக்குத் தள்ளுப்படும். திருகித் திருகிச் செருகி, வழிந்ததைத் துடைத்து, சாதாரண முனையைப் பூட்டி, பசை இறுகுமுன் ஒருமுறை சுழற்றிப் பாருங்கள். முனை ஆடினால் இன்சர்ட்டைக் கால்சுற்றுத் திருப்பி மறுபடி பாருங்கள். பிறகு முனை கீழே இருக்க ஒரு நாள் நிறுத்தி வையுங்கள்.

சூட்டுப்பசை போட விரும்புகிறவர்களுக்கு: கழற்றி மாற்ற வசதிதான், ஆனால் சாதாரணச் சூட்டுப்பசை எங்கள் நவம்பர் குளிரில் நொறுங்கும். அம்புக்கென்றே விற்கும் குறைந்த சூட்டுப் பசையை வாங்குங்கள். சூடு காட்டுவதும் பூட்டிய முனைக்குத்தான், தண்டுக்கு இல்லை. கார்பனைப் பிணைத்திருக்கும் பிசின் நெருப்பில் செத்துப்போகும்.

தராசு கிரெய்னில் காட்ட வேண்டும். நகை நிறுக்கிற 0.01 கிராம் தராசு 15 டாலருக்குள் கிடைக்கும், அது 0.15 கிரெய்ன் நுட்பம். தேவைக்கு மேலேயே. டஜனில் ஒன்றுக்கொன்று 5 கிரெய்னுக்குள் நிற்பவற்றை வேட்டைக்கு எடுத்து, மிச்சத்தைப் பயிற்சிக்கு விடுங்கள்.

செலவு, கடைக்குக் கடை மாறும் என்றாலும், ஏறக்குறைய இப்படி: நாக்கோடு தண்டு டஜன் 100, பித்தளை இன்சர்ட் 40, வேன் 18, இரண்டு பசையும் 20, மூன்று வேனையும் ஒரே தடவையில் ஒட்டும் பிளாஸ்டிக் ஜிக் 55, தராசு 15. 250க்குள் மட்டுமட்டாக நிற்கும், வரி வேறு. அடுத்த டஜனுக்கு ஜிக்கும் தராசும் கையில் இருக்கும்.

---

மூன்றாம்விரல் (அல்பேர்ட்டா):

ஸ்பைனில் மட்டும் எனக்கு உடன்பாடில்லை. 67 பவுண்டு என்பது 340 கட்டத்தின் மேல் ஓரம். நாளைக்கு வில்லை 65க்கு ஏற்றினாலோ 150 கிரெய்ன் முனைக்கு மாறினாலோ 340 தொய்ந்துபோகும். காம்பவுண்ட் வில் விறைத்த தண்டை மன்னிக்கும், தொய்ந்த தண்டை மன்னிக்காது. விலை ஒன்றுதான், 300 வாங்கலாம். அங்குலத்துக்கு ஒரு கிரெய்ன் போலக் கூடும், அதுவும் மூஸுக்கு நல்லதே.

இன்னொன்று யாரும் சொல்லவில்லை. .246 தண்டு எலும்பில் மோதினால் முதலில் உடைவது தண்டின் வாய்தான்: இன்சர்ட் பின்னுக்குத் தள்ளுப்பட்டு கார்பன் காளான் போல விரியும். வேட்டை அம்புகளை ஆராய்ந்த எட் ஆஷ்பி ஊடுருவலைத் தீர்மானிக்கும் காரணிகளை வரிசைப்படுத்தியபோது முதலிடம் கொடுத்தது அம்பு உடையாமல் இருப்பதற்கு, இரண்டாமிடம் நேராகப் பறப்பதற்கு. எடையும் முன்பாரமும் அதற்குப் பிறகுதான். கனத்த எலும்பைத் துளைக்க அவர் சொன்ன 650 கிரெய்ன் எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு, ஆடுகிற முனையோடு கனத்த அம்பு விடுகிறவர்கள் பட்டியலைத் தலைகீழாக வாசிக்கிறார்கள்.

வாய் விரியாமலிருக்க விலைக்கு வளையம் வாங்க வேண்டாம். பழைய அலுமினிய அம்பிலிருந்து ஒன்றரை அங்குலத் துண்டு வெட்டி வெளியே போர்த்துங்கள். எந்த அளவு என்று அம்பின் எண்ணே சொல்லும். முதல் இரண்டு இலக்கம் வெளிவிட்டம், அங்குலத்தின் 64இல் பங்கு. அடுத்த இரண்டு சுவர்க்கனம், அங்குலத்தின் ஆயிரத்தில் பங்கு. 2219 என்றால் 22/64 = .344, அதில் சுவர் இரண்டு பக்கமும் .038 கழித்தால் உள்விட்டம் .306. 2117க்கு அதே கணக்கில் .294. உங்கள் தண்டின் வெளிவிட்டத்தை வெர்னியரால் அளந்து, அதைவிட ஆயிரத்தில் மூன்றிலிருந்து ஆறு கூட இருக்கும் குழாயைத் தேடுங்கள். தண்டு .300 என்றால் 2219 பொருந்தும், 2117 ஏறவே ஏறாது. .290 என்றால் 2117.

அலுமினியத்தைக் குழாய் வெட்டியால் வெட்டலாம், உள்விளிம்பு உள்ளே மடங்கும், அரத்தால் எடுத்துவிடுங்கள். தண்டில் மூடும் இடத்தை லேசாக உப்புத்தாள் இட்டு, எபோக்சி பூசி, முன்விளிம்பு தண்டோடு சமமாக நிற்கும்படி ஒட்டுங்கள். பின்விளிம்பைச் சாய்வாக அராவாவிட்டால் இலக்கிலிருந்து இழுக்கும்போது கழன்று வரும். 2219இல் ஒன்றரை அங்குலம் சுமார் 20 கிரெய்ன், ஆக 340 தண்டில் மொத்த எடை 480. வில்லை முழுதும் இழுத்த நிலையில் இந்தத் துண்டு ரெஸ்ட்டை (வில்லில் அம்பு தங்கும் தாங்கி) தொடாமல் முன்னால் நிற்க வேண்டும். 28 அங்குல இழுநீளத்துக்கு 28.5 வெட்டு அதற்கு இடம் தருகிறது. இதையே 27க்கு வெட்டினால் துண்டு ரெஸ்ட்டின் மேல் ஏறும்.

பிராட்ஹெட்: 60 பவுண்டில் மூஸுக்கு விரியும் முனை வேண்டாம். அலகு விரிய ஆற்றலைத் தின்னும், சாய்வாகப் பட்டால் சறுக்கும். நுனியிலிருந்தே வெட்டிக்கொண்டு போகும் நிலையான இரண்டு அலகு முனை, 125 கிரெய்ன். தீட்டித் தீட்டிப் பாவிக்கலாம், மாற்று அலகு வாங்கும் செலவு இல்லை. ரப்பர்வளையத்தை லேசாக இழுத்துப் பிடித்து அலகில் வையுங்கள். அமத்தாமலே அறுந்தால் கூர் காணும். பயிற்சிக்கு ஒரு முனையை ஒதுக்கிவிடுங்கள், இலக்குக்குள் போய் வந்த அலகைத் தீட்டாமல் காட்டுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

---

வடக்குக்காடு:

மூவருக்கும் நன்றி. 300ஆகவே எடுக்கிறேன். இரண்டு விஷயம் விளங்கவில்லை. நாக் திருப்பிப் பார்ப்பது என்றால் என்ன? வேன் இடப்பக்கம் முறுக்கியோ வலப்பக்கம் முறுக்கியோ?

---

சட்பரிக்காரன்:

கார்பன் தாளைச் சுருட்டித்தான் தண்டு செய்கிறார்கள், அதனால் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தைவிட விறைப்பாக இருக்கும். வேன் ஒட்டாத தண்டில் இன்சர்ட்டும் முனையும் பூட்டி, ஆறடி தூரத்தில் சட்டத்தில் இழுத்துக் கட்டிய தாளுக்கூடாகச் சுடுங்கள். கிழிசல் நேர்த்துளையாக இல்லாவிட்டால் நாக்கைக் கால்சுற்றுத் திருப்பி மறுபடி. பன்னிரண்டும் ஒரே மாதிரிக் கிழிக்கும் நிலைக்கு வந்ததும், நாக்குக்கும் தண்டுக்கும் சேர்த்து ஒரு கோடு போடுங்கள். எப்படித் திருப்பினாலும் ஒத்துவராத ஒன்றிரண்டு இருக்கும், பயிற்சிக்கு விடுங்கள். எல்லாத் தண்டும் ஒரே பக்கம் ஒரே அளவு கிழித்தால் பிழை தண்டில் இல்லை, ரெஸ்ட்டில்.

முறுக்கு எந்தப் பக்கமானாலும் பறப்பில் பெரிய வித்தியாசம் இல்லை. இரண்டு மூன்று பாகை முறுக்கு இருந்தால் பிராட்ஹெட்டை அடக்கும். வலப்பக்க முறுக்கில் ஒரு வசதி, அம்பு இலக்கில் பட்டு நிற்கும்போது முனையின் திருகு இறுகும். இடப்பக்க முறுக்கில் தளரும், ஒவ்வொரு சுடுதலுக்குப் பிறகும் திருகிப் பார்க்க வேண்டி வரும். ஒருபக்கம் மட்டும் தீட்டிய முனை வாங்கினால் அதன் சாய்வு எந்தப் பக்கமோ வேனும் அந்தப் பக்கம்.

ஒட்டும்போது தண்டின் பின்விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் விட்டு ஒட்டுங்கள். ஜெல் வகைச் சூப்பர்குளூ, நூல் போல ஒரே கோடு, 20 விநாடி அமத்தல். கூடப் பூசினால் சீக்கிரம் இறுகாது, வெள்ளையும் பூக்கும். வேன் உரிந்து வந்தால் உரிந்த அடியைப் பாருங்கள். பசை முழுவதும் வேனோடு வந்தால் தண்டைச் சரியாகத் துடைக்கவில்லை, தண்டோடு நின்றால் வேனின் அடியில் விரல் எண்ணெய் பட்டிருக்கிறது. வேனின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு பொட்டுக் கூடுதல் பசை வைத்தால் இலக்குக்குள் முழுதாகப் போனாலும் கழராது.

---

எல்க்மேடு:

300க்குப் போறது சரிதான், அங்குலத்துக்கு 10 கிரெய்ன்னா அந்த அலுமினியத் துண்டோட மொத்தம் 510 பக்கம் வரும், மூஸுக்கு அது ஒண்ணும் அதிகமில்லை. சைட்ல (வில்லுல குறிபாக்கற கருவி) இருக்கிற குறிமுள் எல்லாத்தையும் புதுசா வச்சுக்கணும், அவ்வளவுதான்.

கட்டி முடிச்சதும் 20 கெஜத்துல சாதாரண முனை ஒண்ணு, பிராட்ஹெட் ஒண்ணு, மாத்தி மாத்திச் சுடுங்க. பிராட்ஹெட் இடப்பக்கம் விழுந்தா ரெஸ்ட்டை வலப்பக்கம் நகத்துங்க, கீழ விழுந்தா ரெஸ்ட்டை மேல. பிராட்ஹெட் எங்க போகணுமோ அந்தத் திசையில ரெஸ்ட். ஒரு தடவைக்கு அங்குலத்துல 32இல் ஒரு பங்குக்கு மேல வேண்டாம். 20ல ஒண்ணா விழுந்ததும் 40க்குப் போங்க. ரெண்டும் சேந்த அப்புறம்தான் சைட்டைத் தொடணும். முதல்லயே சைட்டை மாத்தினா சாதாரண முனை வேற இடத்துக்குப் போயிடும், சுத்திச் சுத்தி அதே இடத்துல நிப்பீங்க. குறிப்பிட்ட ஒரு அம்பு மட்டும் விலகினா ரெஸ்ட்டைத் தொடாதீங்க, அந்த முனையைச் சுழற்றிப் பாருங்க, ஆடும்.

சுடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு தடவையும் தண்டை ரெண்டு கையாலயும் முகத்துக்கு அப்பால பிடிச்சு லேசா வளைச்சு, சுத்திச் சுத்திக் கேளுங்க. நொறுங்கற சத்தம் துளி வந்தாலும் அதை முறிச்சுக் குப்பையில போடணும். பஞ்சை மேல தேய்ச்சு எங்கயாவது மாட்டினாலும் அப்படித்தான். விரிசல் விட்ட கார்பன் நாணுல இருந்து கிளம்பறப்போ உடைஞ்சா வில் பிடிக்கிற கைக்குள்ளதான் இறங்கும். பிராட்ஹெட்டைப் பூட்டறதும் கழட்டறதும் அதோட வர்ற சாவியாலதான், வெறும் விரலால இல்லை.